இணைச்சீருக்கு ஓர் இரவல் குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்பு என்று எழுதும்போதே கோபமும் வருகிறது. இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பிக்குக் கல்யாணம் கூடிவிட்டது. பெண் அவிநாசி. நீங்கள் இருந்திருந்தால் துடியலூர் முழுக்கப் பத்திரிகை வைத்திருப்பீர்கள், என் வீட்டைத் தவிர.

நான் இப்போது கணினிக்குத் தமிழ் பேசக் கற்றுத்தரும் வேலையில் இருக்கிறேன். ஒருவருடைய பேச்சு கொஞ்சம் கிடைத்தால் போதும், அதே குரலில் எதை வேண்டுமானாலும் பேச வைத்துவிடலாம். பள்ளிக்கூடம் விட்டதும் உங்கள் பட்டறைக்கு ஓடிவந்து, எரிந்துபோன மோட்டாரை நீங்கள் பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் அல்லவா? "எங்க அம்மணி பெரிய இஞ்சினியராவா, பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னீர்கள். ஆனேன். பிறகு வேறு சாதியில் கட்டிக்கொண்டேன். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தியவர் சாகும்வரை பேசவில்லை. எப்படி முடிந்தது உங்களால்?

போன மாதம் தம்பி வந்தான். "அக்கா, கலியாணத்தன்னிக்கு அப்பா கொரல்ல ஆசீர்வாதம் கேக்கோணுங்க்கா. நீங்கதான் செஞ்சு குடுக்கோணும்" என்றான்.

"இணைச்சீருக்கு யாரு உக்கார்றது?" என்று கேட்டேன். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உடன்பிறந்தவள் உட்கார்ந்து செய்கிற சீர் அது. அவனுக்கு நான் ஒருத்திதான் அக்கா.

தலையைக் குனிந்துகொண்டான். "சித்தப்பா புள்ளைய உக்கார வெக்கச் சொல்லிப்போட்டுத்தானுங்க்கா அப்பா போனாரு. பெரியப்பா அதையே புடிச்சுட்டு நிக்கறாரு."

நான் வேண்டாம், என் வேலை மட்டும் வேண்டும். நன்றாக இருக்கிறதல்லவா?

அம்மாதான் ஒரு வழி சொன்னாள். "ஏங்கண்ணு, அக்காளே உக்காரட்டும்னு உங்கப்பா கொரல்லயே சொல்ல வெச்சுரு. உசுரோட இருக்கறப்பவே பேசி வெச்சாருன்னு சொல்லிக்கலாம். அப்புறம் உங்க பெரியப்பா வாயத் தொறப்பாரா?"

தம்பிக்கு நீங்கள் அனுப்பிய குரல் செய்திகளை வாங்கிச் செய்து பார்த்தேன். "அம்மணி, நீயே வந்து உக்காரு." தொண்டையைச் செருமுவதுகூட அப்படியே நீங்கள்தான். அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, பின்னாலேயே ஆத்திரமும் வந்தது. இத்தனை வருடம் காத்திருந்த சொல்லை நானே தட்டச்சு செய்துதானா கேட்க வேண்டும்? மண்டபத்தில் இதைப் போட்டால் ஊரே உங்களைப் பெரிய மனசுக்காரர் என்று சொல்லும். செய்யாத நல்லதுக்கு நான் எதற்கு உங்களுக்குப் பேர் வாங்கித் தர வேண்டும்?

அழித்துவிட்டேன். ஆசீர்வாதத்தையும் செய்து தரவில்லை.

"அப்பா சொல்ல வேண்டாம், மாப்பிள்ளை நீதான். எங்க அக்காதான் உக்காருவான்னு உன் வாயால சொல்லு" என்றேன் தம்பியிடம். "யோசிச்சுச் சொல்றனுங்க்கா" என்றான். நாளை முகூர்த்தக்கால் நடுகிறார்கள். அவன் இன்னும் யோசிக்கிறான். உயிரோடு ஒரு குரல் இருந்தும் அவனுக்குப் பேச வரவில்லை, அப்பா. உங்கள் பிள்ளைதான்.

ஒரு வாக்குத் தருகிறேன். நீங்கள் மனசார மறுத்த சொல்லை உங்கள் குரலில் இனி ஒருநாளும் சொல்ல வைக்க மாட்டேன். தாத்தா எப்படிப் பேசுவார் என்று என் மகள் கேட்டால், என்னிடம் பேசாமலே போனார் என்று உள்ளதைச் சொல்வேன்.

உங்கள் தலைப்பிள்ளை