திறக்காத இரும்பு

மண்ணுக்குள் போன பிறகும் என் வீட்டை ஆளுகிற கன்னியம்மாவுக்கு,

எனக்கு எழுத்து வராதது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல நம் பெண் எழுதுகிறாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்ததை இன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறாள். அவளிடம் சொல்லவேண்டாம் என்று நீதான் வாயை அடைத்தாய். இனிச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நம் கழனியில் வரப்பு வெட்டியபோது மண்வெட்டியில் ஏதோ தட்டியது. எடுத்தால் இரண்டு இரும்பு வளையம், நடுவில் குட்டையாக ஒரு கம்பி. ஏற்றச் சாமானா, வண்டிச் சாமானா, ஒன்றும் விளங்கவில்லை. நீ அப்போது நிறைமாசம். பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்பு இருந்தால் காற்று கருப்பு அண்டாது. வைக்கவேண்டிய அரிவாளோ அறுப்புக்குப் போயிருந்தது.

"இதுவும் இரும்புதானே, குடு" என்று வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாய்.

எனக்கு நரை விழுந்த பிறகு பிறந்த பெண். பால் குடித்தாள், சிரித்தாள். காலை மட்டும் உதைக்கவில்லை. கணுக்கால் இரண்டும் ஒட்டியே கிடக்கும். பிரித்து விடுவேன். கையை எடுத்ததும் மெல்ல வந்து சேர்ந்துகொள்ளும். ஒருநாள் நீ தலையணையைத் தூக்கி அந்த இரும்பையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இந்தாய்யா, எழுந்திரு. இது இன்னான்னு தெரிஞ்சாவணும் எனக்கு."

ஆரம்பாக்கத்தில் முனுசாமி ஆசாரியின் உலைக்குப் போனோம்.

"இன்னாம்மா, புருசன் ஓடிப்பூடுவான்னு கால்வெலங்கு தேடிப் புடிச்சாந்தியா?" என்று சிரித்தார். துருவைச் சுரண்டச் சுரண்ட அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

"முன்ன பழவேற்காட்டுல அடிமையா வித்து கப்பலேத்த ஆளுங்கள இப்டிதான் பூட்டி நடத்திக்கினு போவாங்களாம். எங்க தாத்தா சொல்லுவாரு. இங்க பாரு, ஆணி அடிச்சி மூடிக்கீது. இத யாரும் தெறக்கவே இல்ல."

"தெறக்காம காலு எப்டிண்ணா வெளிய வந்துச்சி?"

"வெளிய வர்லம்மா. மூடின மேனிக்கே பொதச்சிக்கிறாங்க. எலும்பெல்லாம் மண்ணாப்பூடுச்சி."

நீ உன் கால் காப்பைக் கழற்றி ஒரு வளையத்தின்மேல் வைத்தாய். அளவு பிசகவில்லை.

"பொம்பள" என்றாய். பிறகு, "ஒடச்சி வுடுண்ணா."

உளியை வைத்து ஆணியைத் தெறிக்கவிட்டார் ஆசாரி. இரண்டாவது வளையமும் வாய் திறந்தபோது, உன் இடுப்பில் இருந்த பெண் வீலென்று கத்தி உன் வயிற்றில் உதைத்தாள். அந்தச் சத்தம் குழந்தையின் சத்தம்தானா, கன்னியம்மா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இரும்பைக் கழனியிலேயே மஞ்சள் குங்குமம் வைத்துப் புதைத்தோம். பேர் சொல்லிக் கும்பிடப் பார்த்தாய். என்ன பேரென்று சொல்வாய்? "ஒருத்திய மட்டுமாய்யா நடத்திக்கினு போயிருப்பாங்க?" என்று சாகிறவரை கேட்டுக்கொண்டே இருந்தாய்.

இப்போது சேதிக்கு வருகிறேன். கும்மிடிப்பூண்டிப் பக்கமெல்லாம் கம்பெனியாகிக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கழனியை வாங்கினவர்கள் நம் வரப்பை ஒட்டிக் கடைக்கால் தோண்டியிருக்கிறார்கள். இன்று காலை அந்தப் பள்ளத்தின் பக்கச் சுவரில் ஒரு சங்கிலியின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. இறங்கிப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பிடியை விட்டேன். சங்கிலி ஒரு விரற்கடை உள்ளே போனது.

"பெரிசு, நாளான்னிக்கு காங்கிரீட் போட்டு மூடறோம். ஏறி ஓரமா போ" என்றான் மேஸ்திரி.

எழுதுகிறவள் இங்கே நிறுத்திவிட்டாள். "மண்ணு சரிஞ்சிருக்கும் நைனா" என்கிறாள். இருக்கலாம். ஆனால் குரல் அவள் குரலாக இல்லை.

ஆசாரியும் போய்ச்சேர்ந்துவிட்டார். அவர் மகனிடம் உளியும் சம்மட்டியும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். விடிந்ததும் பள்ளத்தில் இறங்குகிறேன். மேஸ்திரி கத்தினால் கத்தட்டும். சங்கிலியின் அந்தப் பக்கம் எத்தனை பேர் இருந்தாலும், ஒருத்தர் காலிலும் ஆணி இல்லாமல் ஆக்கிவிட்டுத்தான் மேலே வருவேன்.

உன் பொண்ணுக்கு அப்பன்,
உன் வீட்டுக்காரன் சுப்புராயன்