பஸ் ஸ்டாப்புல கட்டின பிளெக்ஸ்

சாமி அசோக்கு,

நானும் அப்பாவும் அருணாவும் கொறையில்லாம இருக்கோம், நீ அங்க ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோணும்னு அரப்பளீஸ்வரரைக் கும்பிட்டுட்டு எழுதறேன். உன்ற போன் கெடைக்கறதேயில்ல. பக்கத்தூட்டு பிரேம் லீவு முடிஞ்சு உங்க கம்பெனிக்கே திரும்பறான், அவங்கிட்டக் குடுத்தனுப்பறேன்.

உங்கப்பன் பண்ணுன கூத்தைக் கேளு. சண்டை நடக்கற நாட்டுக்கு மாவும் மருந்தும் கொண்டுபோற உங்க லாரிகளை அந்தூரு ராசாவோட தங்கச்சியே வந்து கொடியசைச்சு அனுப்புனாங்கன்னு, அவங்க பக்கத்துல நீ நின்ன போட்டோவை அனுப்புனயில்ல, அதுலருந்து மனுசனுக்குக் காலு தரையில நிக்கல. நீ பார்டரைத் தாண்டுனதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்லாம நானும் அருணாவும் சோறு எறங்காம கெடக்கறோம், அவரு ஒரு வார்த்தை கேக்காம உன் மூஞ்சியப் பெருசாவும் அந்தம்மாவை ஓரத்துல சின்னதாவும் போட்டு பிளெக்ஸ் அடிச்சு பஸ் ஸ்டாப்புல கட்டிட்டாரு. கடைக்காரன் அழகுக்குன்னு சுத்தியும் பூவைப் போட்டு வெச்சிருக்கான். மொளகு பறிக்க மலைக்குப் போயிட்டு பஸ்ஸுல வாரேன், தூரத்துலயே உன் மூஞ்சி, சுத்தியும் பூ. எழுத்து எங்க தெரிஞ்சுது? நம்மூர்ல அப்படி வெச்சா எதுக்குன்னு யாருக்குத் தெரியாது? ஐயோ என் சாமின்னு கத்திட்டு பஸ் படியிலயே உக்காந்துட்டேன். நான் அதைப் பாக்கறதுக்கு முன்னாடியே வந்து சொல்லிரலாம்னு ஓடியாந்த உன் பொண்டாட்டி அருணா, அத்தே, அது அதில்லீங்க, அவருக்கு ஒண்ணுமில்லீங்கன்னு என் கன்னத்தைத் தட்டித் தட்டிச் சொன்னா. சொல்லிட்டு அவளும் அழுதா.

நேத்துத்தான் அந்தம்மாவோட தர்ம ஆபீஸ்லருந்து ஒரு தமிழ்க்காரர் பேசுனாரு, லாரியெல்லாம் பத்திரமாத் திரும்பிட்டு இருக்குதுன்னு. அப்பத்தான் உசுரு வந்துச்சு. அடுத்த நடைக்கும் நீ பேர் குடுத்திருக்கறதையும் அவருதான் சொன்னாரு. பெத்தவகிட்ட நீ சொல்லல பாத்தியா. அந்தம்மா நல்லவங்கதான், அரமனையில சும்மா உக்காராம வெயில்ல வந்து நிக்கறாங்க, குத்தம் சொல்லல. ஆனா மாவு அவங்களுது, குண்டு விழுகற ரோட்டுல ஓட்டறது எம்புள்ள. போகாதேன்னு எழுதத்தான் கண்ணு உக்காந்தேன். அங்க சின்னஞ்சிறுசுக தட்டைத் தூக்கிட்டு நிக்கறதை டிவியில பாத்துட்டு அந்த வார்த்தை எழுத வரமாட்டேங்குது. மலை ரோட்டுல மரவள்ளி லோடு ஓட்டுனப்ப ஒவ்வொரு நடைக்கும் சொல்லிட்டுத்தான் கெளம்புவ. இப்பவும் சொல்லிட்டுப் போ. வெறும் வயித்தோட வண்டியெடுக்காத.

நூறு வயசு நல்லா இருப்ப, அருணா வயித்துல இருக்கறதைத் தூக்கிக் கொஞ்சுவ. பிளெக்ஸை அறுத்தெறியத்தான் போனேன், உன் மூஞ்சியில கத்தி வெக்க கை வரல, அவுத்து மடிச்சு பீரோவுல வெச்சிருக்கறேன். நீ பஸ்ஸை விட்டு எறங்கற அன்னிக்கு நானே கட்டறேன், அந்தப் பூவோடவே. அதுக்கு முன்னால அதை யாரும் வெளிய எடுக்கற மாதிரி வெச்சுறாத சாமி.

உன் அம்மா
கண்ணாயி
காளப்பநாயக்கன்பட்டி