கோப்பிக்கு மேல் நின்ற வெள்ளை

இன்று பின்னேரம் முழுவதும் வீட்டில் கோப்பியும் மதுவும் கலந்த ஒரு வாசனை. மகளின் கூட்டாளி ஒருத்தி அடுத்த வாரம் வெளிநாடு போகிறாள். அதற்கு எங்கள் வீட்டில் விருந்து. மகள் சமையலறை மேசையில் மூன்று போத்தல்களையும் சின்னச் சின்னக் கிளாசுகளையும் பரப்பி வைத்து, மூன்று நிறமாக அடுக்கி ஒரே மடக்கில் குடிக்கும் அந்தக் குடிவகையை, ஃபோனைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

முதலில் கோப்பி லிக்கியூரை, கோப்பி மணக்கும் அந்த இனிப்பு மதுவை, ஊற்றினாள்.

"ஐயோ, வெள்ளைய முதல்ல ஊத்து. இல்லாட்டி கலங்கிரும்."

"அம்மா, சும்மா இருங்க. இதப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் கிரீம் லிக்கியூரை மெல்ல வழியவிட்டாள். அது கோப்பிக்கு மேல் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு துளிகூடக் கீழே இறங்கவில்லை.

கத்தியை வைத்துவிட்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நீங்கள் கண்மூடி ஆறு வருடம். இப்படி உங்களுக்கு எழுத உட்காருவது இதுதான் முதல் தடவை. உட்காரவும் முடியவில்லை, இதற்குள் இரண்டு தரம் எழுந்துபோய் அந்தக் கிளாசைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் அப்படியே நிற்கிறது.

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறை. கல்யாணமாகி நாலு மாதம். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள், என் அடையாள அட்டையில் கொழும்பு விலாசம், உங்களுடையதில் யாழ்ப்பாணம். சண்டை நடந்த காலம். வடக்கிலிருந்து வந்தவர்கள் கட்டாயம் நிரப்பவேண்டிய பொலிஸ் பதிவில், எதற்காகக் கொழும்பில் இருக்கிறீர்கள் என்று எழுதவேண்டிய இடத்தில் உங்களுக்கு எழுத ஒன்றுமில்லை. வீட்டுக்கார அன்ரி வாசலில் நின்று சொன்னா: "மாதக் கடைசிக்குள்ளை ஒரு வேலைக் கடிதம் கொண்டு வாங்கோ தம்பி. இல்லாட்டி நான் கையெழுத்து வைக்கேலாது. குறை நினையாதேங்கோ, எனக்கும் பிள்ளையள் இருக்கு."

அப்போதுதான் கல்கிசையில் கடலோர ஹோட்டல் ஒன்றின் பாரில் ஆள் தேடினார்கள். மேலாளர் உங்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்து, வெள்ளிக்கிழமை வந்து இதைச் செய்து காட்டினால் வேலை உனக்குத்தான் என்றாராம். ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்த மூன்று வரி. ஒன்று, கோப்பி லிக்கியூர். இரண்டு, கிரீம் லிக்கியூர். மூன்று, தோடம்பழ லிக்கியூர், அதாவது ஒரேஞ்.

"ஒரு மடக்குச் சாமானிலை என்ரை சீவியம் நிக்குது, பாரும்" என்று சிரித்தீர்கள்.

அந்தப் போத்தல்களை நாங்கள் கண்ணாலும் கண்டதில்லை. கிரீம் லிக்கியூர் என்றால் ஏதோ பாலில் செய்தது என்று மட்டும் எனக்குத் தெரியும். எனவே கட்டியாக வழியும் இனிப்பு டின்பால். கோப்பிக்குச் சீனி போட்ட கோப்பி. தோடம்பழத்துக்கு, துறைமுகத்தில் வேலை செய்த என் அப்பாவின் போத்தலிலிருந்து கேட்காமல் எடுத்த சாராயம். இருமல் மருந்தோடு வந்த குட்டிக் கிளாஸ். தாளில் உள்ளபடி முதலில் கோப்பியை ஊற்றி, அதன்மேல் டின்பாலை விட்டீர்கள். அது கல்லுப் போல அடிக்குப் போனது. நாலு தரம் செய்தீர்கள். நாலு தரமும் போனது.

நான் பென்சிலை எடுத்தேன்.

"பேப்பர்ல பிழையா அடிச்சிருக்காங்க. ஒன்னும் ரெண்டும் மாறியிருக்கு."

"ஹோட்டல்காரர் பிழை விடுவினமே?"

"கான்வென்ட்ல இங்கிலிஷ் படிச்சது நானா, நீங்களா? பால்தான் கனம். கண்ணால பாக்குறீங்கதானே?"

"சரி மிஸ். நீர் சொன்னாச் சரி."

இலக்கங்களை வெட்டி மாற்றி எழுதினேன். அதற்குப் பிறகு ஒருதரமும் பிழைக்கவில்லை. அடியில் வெள்ளை, நடுவில் கறுப்பு, மேலே பொன்னிறம். மிச்சத்தைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தீர்கள். "இதைக் குடிச்சா வெள்ளைக்காரன் அடுத்த பிளேன் ஏறீடுவான்."

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குத் திரும்பி வந்தீர்கள். செருப்பைக் கழற்றாமலே கட்டிலில் இருந்தீர்கள்.

"கலங்கிப் போச்சு."

"எப்படி? நேத்துக்கூட..."

"கை நடுங்கீட்டுது."

தாள் எங்கே என்று கேட்டேன். அங்கேயே வாங்கி வைத்துவிட்டார்கள் என்றீர்கள்.

மாதக் கடைசியில் நீங்கள் ஊருக்குத் திரும்பவேண்டியதாயிற்று. நான் வயிற்றில் பிள்ளையோடு கொட்டாஞ்சேனைக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். மறுபடி கொழும்புக்கு வர உங்களுக்கு அனுமதி கிடைக்கப் பதினாலு மாதம் ஆனது. நீங்கள் முதன்முதலில் பார்த்தபோது மகள் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள். யாரோ புது மாமா என்று நினைத்து அழுதாள்.

அந்தக் கோபம் எனக்குள் எங்கேயோ தங்கிவிட்டது. அதைப் பகிடியாக்கி வருடக்கணக்காகப் பரிமாறினேன். பிறந்தநாள் வீடுகளில், உங்கள் அண்ணன்மார் முன்னால், மகளின் கூட்டாளிகள் முன்னால். "இவர்ட கை மட்டும் நடுங்காம இருந்திருந்தா, பிள்ளை பிறக்கும்போது பக்கத்துல இருந்திருப்பார்." எல்லோரும் சிரிப்பார்கள். நீங்கள் வலது கையைத் தூக்கிக் காட்டுவீர்கள். "ஓம் ஓம், குற்றவாளி இவர்தான்."

உங்கள் கை எப்போது நடுங்கியது? எனக்கு ஊசியில் நூல் கோர்த்துத் தந்தது அந்தக் கைதானே. கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் வீதியில் குலுங்கி ஓடும் பஸ்ஸில், மகளுக்குக் காய்ச்சல் மருந்தை அரைக் கரண்டி அளந்து சிந்தாமல் கொடுத்தது அந்தக் கைதானே. இதை ஏன் நான் ஒருநாளும் யோசிக்கவில்லை? தாளில் பிழையே இல்லை; டின்பாலுக்குத்தான் கனம், உண்மையான கிரீம் லிக்கியூர் கோப்பிக்கு மேல்தான் நிற்கும். அந்த மேலாளர் கலங்கிய கிளாசையும் என் பென்சில் எழுத்தையும் பார்த்து எது பிழை என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார். சொல்லாமல் விட்டிருக்கமாட்டார். அது தெரிந்துகொண்டுதான் அந்தக் கட்டிலில் வந்து இருந்திருக்கிறீர்கள்.

சற்றுமுன் மகள் கதவைத் தட்டினாள். "அம்மா, உங்களுக்கும் ஒன்னு வச்சிருக்கேன், வாங்க."

"அப்பாட கை நடுங்கல. நான்தான் பேப்பர்ல மாத்தி எழுதினேன்" என்றேன்.

விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "அப்பாக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கட்டில் ஓரத்தில் இருந்தாள். "நாங்க எல்லாரும் சிரிச்சோமே அம்மா" என்றாள். பிறகு எழுந்து போய்விட்டாள். கூடத்தில் பாட்டுச் சத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். அதற்குப் பிறகும் ஒவ்வொரு படிவத்தையும் என்னிடமே தந்தீர்கள். வேலை விண்ணப்பம், மகளின் பள்ளிக்கூட அனுமதி, பாஸ்போர்ட், எல்லாம். கடைசியாக, ஒப்பரேஷனுக்கு முதல் நாள் தாதி கொண்டுவந்த தாளையும் வாசிக்காமலே என் பக்கம் நீட்டினீர்கள்.

"நீங்க ஒருக்கா வாசிங்க" என்றேன்.

"நீர் வாசிச்சாப் போதும்."

நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். அதன் பிரதி அலுமாரியில் இருக்கிறது. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துக்கூட நடுங்கவில்லை.