மெர்சிங்கில் அணைந்த போன்

பிடோக்
20 ஜூன் 2023

ருக்ஸானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுஹைப் நேற்று வீடு திரும்பியதைப் பேத்தி இல்ஹாம் சொல்லித்தான் அறிந்தேன். பெற்றவளுக்குச் செய்தி வரும் வழி இதுதான் போலும்.

விடுமுறைக்குப் போன இடத்தில் அவனுக்கு நெஞ்சுவலி என்று ஒன்பதாம் தேதி மலேசியாவில் மெர்சிங்கிலிருந்து அழைத்தாய். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டும் கரையவில்லை, ஜொகூர் பாருவுக்கு அனுப்புகிறார்கள் என்றாய். நான் சொன்னது ஒன்றுதான். சிங்கப்பூருக்குக் கொண்டுவா, அவனைப் பத்து வருடமாகப் பார்க்கும் டாக்டர் பிரபாகர் இங்கே இருக்கிறார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை அணைத்தாய். ஏழு முறை அழைத்தேன். அவனை ஜொகூருக்கே கொண்டுபோனாய்.

அவன் பிழைத்தது அல்லாஹ்வின் கருணை. நீ நடந்துகொண்ட விதம் வேறு விஷயம்.

நம் வீட்டில் மன்னிப்பை வாயால் கேட்பதில்லை, கையால் எழுதுவோம். கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்குப் பழக்கியது. ஆறு வயதில் ஜாடியை உடைத்ததற்குச் சுஹைப் எழுதித் தந்த தாள் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. உன் கடிதம் வந்த பிறகு அவனைப் பார்க்க வருகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பாதே.

கஞ்சியில் உப்பைக் குறை.

பதுருன்னிசா ஹனீபா


கிளமெண்டி
22 ஜூன் 2023

அன்புள்ள மாமிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கஞ்சியில் உப்பே இல்லை. "சப்புன்னு இருக்குலா, உம்மா ஆர்டரா?" என்று கேட்கிறார். வாசல் மணி அடித்தால் நீங்களா என்று எட்டிப் பார்க்கிறார்.

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இரண்டு மணிக்கு ஊசி போட்டார்கள். மூன்றரைக்கு மெர்சிங் ஆஸ்பத்திரி டாக்டர் வர்ஷா இன்னொரு இசிஜி எடுத்து, பழையதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அந்தப் பெண்ணுக்கு நம் இல்ஹாமைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

"பாருங்கக்கா, கோடு இறங்கவே இல்ல. வலியும் குறையல. ஊசி கேக்கல. உடனே பலூன் வச்சு அடைப்பைத் திறக்கணும். ஜொகூர்ல ஆளுங்க தயாரா இருக்காங்க."

"சிங்கப்பூருக்கே போயிட்டா?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஸ்கூல் லீவு வேற. எல்லைப் பாலத்துல எத்தனை மணி நேரம் நிப்பீங்கன்னு உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு நிமிஷமும் இதயம் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டு இருக்கு."

அப்போதுதான் உங்களை அழைத்தேன். நீங்கள் பேசிக்கொண்டிருக்கையில் உங்கள் மகன் படுக்கையிலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். சட்டையெல்லாம் வியர்வை. "உம்மா என்ன சொல்றாங்க?"

மாமி, அவருக்கு நாற்பத்தெட்டு வயது. நீங்கள் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் அந்த ஆம்புலன்ஸில் ஏறியிருக்க மாட்டார். போனை அணைத்துவிட்டு, "உம்மா சரின்னுட்டாங்க, ஜொகூருக்கே போகச் சொல்றாங்க" என்றேன். உடனே தலையாட்டினார்.

இப்போது பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "உம்மா சரியான நேரத்துல முடிவெடுத்தாங்க, அதான் இருக்கேன்" என்கிறார். நான் அடுக்களைக்குப் போய்விடுகிறேன்.

அந்தப் பொய்க்கு மன்னித்துவிடுங்கள். போனை அணைத்ததற்கு மன்னிப்புக் கேட்க என் கை எழுத மறுக்கிறது.

ருக்ஸானா


பிடோக்
26 ஜூன் 2023

அன்புள்ள ருக்ஸானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் பிரபாகரிடம் போனேன். நீ எழுதியிருந்த நேரங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். என் பக்கம் பேசுவார் என்று நம்பித்தான் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிஸஸ் ஹனீபா, இங்கே கொண்டுவரக் கிளம்பியிருந்தா, உங்க மகன் என்கிட்ட வந்து சேர்ந்திருப்பாரான்னே சொல்ல முடியாது."

பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். நடந்து திரும்பினேன்.

எழுபத்து நான்கு வருடத்தில் எத்தனையோ பேரை எழுத வைத்திருக்கிறேன். நான் எழுதியது கான்வென்டோடு சரி. அன்று நான் சொன்னது தவறு, ருக்ஸானா. அதை நீ கேட்காமல் போனதை நடத்தைக் குறையாக எழுதியது அதைவிடப் பெரிய தவறு. மன்னித்துக்கொள்.

ஆனால் நான் செய்யாததற்கு என் மகனிடம் நல்ல பெயர் வாங்கமாட்டேன். உறையில் இன்னொரு தாள் இருக்கிறது. அது அவனுக்கு. "ஜொகூருக்குப் போகச் சொன்னது நான் அல்ல, உன் மனைவி. நான் தடுத்தேன்" என்று எழுதியிருக்கிறேன். அவன் உடம்பு தாங்கும் நேரம் உனக்குத்தான் தெரியும். பார்த்துக் கொடு. ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் கொடுத்துவிடு.

பெருநாள் காலை, தொழுகை முடிந்ததும் வருகிறேன். கதவை அவன் திறக்காவிட்டால், நீ திற.

உன் மாமி