வைங்க, நானே கூப்பிடுறேன்

இந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் புது போன்கள் வந்தன. எல்லாம் கம்ப்யூட்டர் ஒயரிலேயே ஓடுபவை. புதுசைத் துடைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கை கேட்கவில்லை, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ரிசீவரைத் துடைத்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். திண்டிவனம் கிளையிலிருந்து முதல் நாள் கூப்பிட்டபோதே, "ரிசீவரத் தொடைக்கிற பழக்கம் இல்லியா? குரலு கரகரன்னு வருது" என்றாய். யாரிவள், எடுத்த எடுப்பில் இப்படிப் பேசுகிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது. உன்னோடு பழகுவதற்கு முன்பே சண்டை போட்டவள் நான்.

ஒரே ஆஸ்பத்திரி, இரண்டு ஊர். விழுப்புரம் டெலிபோன் போர்டில் நான், திண்டிவனம் போர்டில் நீ, நடுவில் ஒரு தனி லைன். மூன்று வருடம் முகம் பார்க்காமலே பேசினோம். என் வீட்டுச் சண்டையும் உன் மாமியார் வைத்த குழம்பும் அந்த லைனில்தான் போய் வந்தன.

அந்தப் போர்டில் ஒரு வசதி இருந்தது, நினைவிருக்கிறதா? டாக்டர்கள் வீட்டிலிருந்து போர்டுக்குக் கூப்பிட்டு நான்கு எண்களை அழுத்தினால், ஆஸ்பத்திரி லைனிலேயே எந்த ஊருக்கும் பேசலாம். எண் மறந்துபோனால் நம்மிடம் கேட்பார்கள், நாமும் சொல்லிவிடுவோம். டாக்டரைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்பது மரியாதையா? ஒரு நாள், போர்டு மாட்டிய கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒருவன் அந்த எண்ணைக் கேட்டான். தயங்கினேன், அதட்டினான். அதட்டுகிறவன் பெரிய ஆளாகத்தான் இருப்பான் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு வெளி லைன்கள் எப்போது பார்த்தாலும் பிஸி. முகையூரிலிருந்து ஆம்புலன்ஸ் கேட்டவர்களுக்கே லைன் கிடைக்கவில்லை. அப்புறம் பில் வந்தது. நான் பெயரே கேள்விப்படாத நாடுகளுக்கெல்லாம் பேசியிருந்தார்கள். மேனேஜர் என்னை உட்காரக்கூடச் சொல்லாமல், என் அண்ணன் குவைத்தில் இருப்பதைப் பற்றி விசாரித்தார். திங்கட்கிழமைக்குள் ஒப்புக்கொண்டால் வேலையோடு போகும், இல்லையென்றால் போலீஸ் என்றார். செய்யாத திருட்டை எப்படி ஒப்புக்கொள்வது? அந்த எண் கேட்டவனைப் பற்றிச் சொன்னேன், அவர் நம்பவில்லை. உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். நீயும் என்னைச் சந்தேகப்படுகிறாய் என்று நினைத்தேன். அதற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குப் போனால், எனக்கு முன்பே ஒருத்தி நின்றிருந்தாள். ஒல்லி, என்னைவிடக் குள்ளம். வாயைத் திறந்த பிறகுதான் அது நீ என்று தெரிந்தது. அவ்வளவு பெரிய குரலுக்கு அவ்வளவுதான் உடம்பு!

"எனக்கும் கூப்ட்டான் சார். வைங்க, நானே கூப்பிடுறேன்னு வச்சிட்டு கம்பெனி நம்பருக்குப் போட்டேன். நாங்க யாரும் கேக்கலியேன்னாங்க. அன்னிக்கே இவகிட்ட சொல்லியிருக்கணும், அடுத்தடுத்து கால் வந்துக்கினே இருந்துது, உட்டுட்டேன். தப்புல பாதி என்னுது. அனுப்புறதுன்னா ரெண்டு பேரையும் அனுப்புங்க."

உன் சம்பளத்தில்தான் உன் வீட்டில் உலை கொதித்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நீயும் சொன்னாய். மேனேஜர் நம் முன்னாலேயே கம்பெனிக்குப் போன் போட்டார். அன்று மாலையே ஆள் வந்து போர்டைப் பார்த்து, எல்லா அழைப்புகளும் வெளியிலிருந்து அந்த நான்கு எண் வழியாக நுழைந்தவை என்று காட்டினார். எண் மாறியது, வெளிநாட்டு லைன் பூட்டப்பட்டது. யார் கேட்டாலும் வைக்கச் சொல்லிவிட்டு, நம் நோட்டில் உள்ள நம்பருக்கு நாமே கூப்பிட வேண்டும் என்று இரண்டு போர்டிலும் எழுதி ஒட்டினார்கள். முதலில் மாட்டியவர் பெரிய டாக்டர். திட்டிக்கொண்டே வைத்தார்.

உன்னை பஸ் ஏற்றிவிட வந்தபோது, கம்பெனிக்காரன்தான் என்று எனக்கு மட்டும் ஏன் தோன்றியது என்று புலம்பினேன். "கூப்பிடுறவன் எந்தப் பேர வேணா சொல்லுவான்டி. நாம கூப்ட்டாதான் அங்க யாரு இருக்கான்னு தெரியும்" என்றாய்.

முந்தாநாள் சென்னையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். புது சிஸ்டத்தை அங்கிருந்தே திறந்து பார்க்க பாஸ்வேர்டு வேண்டுமாம். வைக்கச் சொன்னேன், சிரித்தார். புது போன் கம்பெனி கொடுத்த காகிதத்தில் இருந்த நம்பருக்கு நான் போட்டேன், அவரேதான் எடுத்தார். கொடுத்தேன். அவர் வேலை முடிந்ததும் மாற்றிவிட்டேன்.

போன வருடம், நீ போய்விட்டாய் என்று உன் சொந்தக்காரர் ஒருவர் கூப்பிட்டுச் சொன்னபோதும், வைங்க, நானே கூப்பிடுறேன் என்றுதான் சொன்னேன். அவர் என்ன நினைத்தாரோ. பொய்யாக இருக்கட்டும், யாரோ விளையாடுகிறார்களாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே உன் வீட்டு நம்பரை அழுத்தினேன். முதல் மணி முழுதாக அடிக்கவில்லை, உன் மகள் எடுத்தாள்.

"யாரு சொன்னாலும் நம்ப மாட்டா, திருப்பிக் கூப்பிடுவா, நீயே எடுன்னு அம்மா சொல்லியிருந்தாங்க ஆன்ட்டி. அதான் போன் கிட்டயே உக்காந்துக்கினு இருக்கேன்."

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் என்னைக் கூப்பிடுகிறாள். வை, நானே கூப்பிடுறேன் என்கிறேன். உன்னைப் போலவே ஒரு அதட்டல் போட்டுவிட்டு வைக்கிறாள். நான் கூப்பிடும்வரை காத்திருக்கிறாள்.