குலுக்கலில் விழுந்த பெயர்

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. போன வாரம் வரைக்கும் உன் ஃபைல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காலை எட்டரைக்கு ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரில் அந்தப் பச்சைப் பட்டனை அழுத்தினால், லீவு போட்ட டீச்சர்களின் வகுப்புகளுக்கு அன்றைக்கு யார் யார் போக வேண்டும் என்று ஒரு தாள் சூடாக வெளியே வரும். இப்போது பள்ளியில் புது கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள். அதில் நீ எழுதி வைத்த மேக்ரோ, அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருக்கிற புரோகிராம், ஓடவில்லை. எக்செல்லுக்குள்ளேயே பைத்தான் மொழியில் புரோகிராம் எழுத முடியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நீங்கதான அவங்களுக்கு க்ளோஸ், நீங்களே மாத்திக் குடுத்துடுங்க" என்று பிரின்சிபால் என் தலையில் கட்டிவிட்டார்.

பழையதைப் படிக்காமல் புதிதை எழுத முடியாது. நீயோ பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைத்திருந்தாய். உன் பையன்களின் பெயர், ஸ்கூட்டி நம்பர், இரும்புலியூர் வீட்டின் கதவு எண் எல்லாம் போட்டுப் பார்த்தேன். கடைசியில் அலுத்துப்போய் 'ஓவிக்குட்டி' என்று அடித்தேன். திறந்துகொண்டது. என் மகள் ஓவியாவை அப்படிக் கூப்பிட்டது நீ ஒருத்திதான். ஸ்டாஃப் ரூமில் ஆட்கள் இருப்பதைக்கூடப் பார்க்காமல் அழுதேன். பத்து நிமிடம் கழித்து அந்த அழுகைக்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

உனக்கு நினைவிருக்கும். முன்பெல்லாம் வைஸ் பிரின்சிபால் நீள நோட்டில் கையால் எழுதுவார், தினமும் காலையில் சண்டை நடக்கும். எனக்கே ஏன், அவளுக்கு ஏன் இல்லை என்று. நீதான் குலுக்கல் யோசனையைக் கொண்டு வந்தாய். அந்த நேரத்தில் சும்மா இருப்பவர்களில் ஒருவரை கம்ப்யூட்டரே குலுக்கி எடுக்கும். சண்டை ஒரே வாரத்தில் நின்றது. அப்போது உனக்குப் பிரச்சார பீரங்கி நான்தான். பி.டி. சார் முணுமுணுத்தபோது, "மெஷினுக்கு யாரைத் தெரியும் சார்? யார் பேர் விழுதோ அவங்க போக வேண்டியதுதான்" என்று அவர் வாயை அடைத்தேன்.

ஓவியாவுக்கு அப்போது நாலு வயது. காதுக் கருவி மாட்டி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மேற்குத் தாம்பரத்தில் அவளுக்குப் பேச்சுப் பயிற்சி, செவ்வாயும் வியாழனும் மூன்றரை மணிக்கு. அந்த இரண்டு நாளும் எனக்குக் கடைசிப் பீரியட் கிடையாது. வேறு வகுப்பு விழாவிட்டால் கிளம்பிவிடலாம். முதல் நாள் நீயும் கூட வந்தாய். ஷேர் ஆட்டோவில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, "இத மட்டும் விட்டுடாதடி. இந்த வயசுல வந்தாதான் பேச்சு" என்றாய்.

நான் எங்கே விட்டேன்? செவ்வாய்க்கிழமை ஆறாம் வகுப்பில் என் பெயர் விழும். வியாழக்கிழமை எட்டாம் வகுப்பில் விழும். ஒவ்வொரு தடவையும் பயிற்சி மையத்துக்கு போன் போட்டு மன்னிப்புக் கேட்பேன். பாதி நாள் வராத பிள்ளைக்கு எத்தனை நாள் இடம் வைத்திருப்பார்கள்? வேறு குழந்தைக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுபடி எங்களைக் கூப்பிட ஒன்றரை வருடம் ஆனது. எனக்குச் சனி பிடித்திருக்கிறது என்று நினைத்து, ஒன்பது சனிக்கிழமை எள் தீபம் போட்டேன். கேம்ப் ரோடு நெரிசலில் என்னை ஸ்கூட்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போனவள் நீ. "உங்க சாமிக்கு என்னைத் தெரியாதுடி" என்று சிரித்துவிட்டு, கோயில் வாசலில் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். திரும்பும்போது ஒருநாள் நான் அழுதேன். "உன் நேரம்டி. கம்ப்யூட்டர் போடுது, நான் என்ன பண்றது" என்றாய்.

இப்போது படித்துவிட்டேன். குலுக்கலை ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே நாலு பெயர்கள். இந்த நாலில் எது விழுந்தாலும், நான் சும்மா இருக்கிற நேரமாக இருந்தால், அதை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறாய். மூன்று பேர், எதற்கெடுத்தாலும் புகாரோடு பிரின்சிபால் அறைக்கு ஓடுகிறவர்கள். நாலாவது பெயர் உன்னுடையது. என் பெயருக்குப் பக்கத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு: "இவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

சண்டையை நிறுத்த முதல் மாதம் செய்திருப்பாய், பிறகு மறந்திருப்பாய் என்று உனக்காக நானே வாதாடிப் பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு ஜூனிலும் டீச்சர்கள் பட்டியலை நீதானே மாற்றுவாய்? அந்த மூன்று பேரில் ரிடையர் ஆன ஒருவரின் பெயரை எடுத்துவிட்டு, அவர் இடத்துக்கு வந்த வாயாடியின் பெயரை அதே வரியில் சேர்த்திருக்கிறாய். மறந்தவள் செய்கிற வேலையா அது? பயிற்சி போனது தெரிந்த பிறகும், என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகும், என் மகள் பெயரால் பூட்டி உள்ளே இதை வைத்திருந்தாய். உன்னைத் திட்டுவதற்கு வாகாக நீ இங்கே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

புதியதை இரண்டு நாளில் எழுதி முடித்தேன். அதில் வெறும் குலுக்கல் மட்டும்தான். உன் நினைவாகத் தாளின் உச்சியில் உன் பெயரைப் போடலாம் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ஆசைப்பட்டார்கள். தலையெழுத்தே என்று போட்டுக்கொடுத்தேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஓவியாவிடம் மட்டும் சொன்னேன். பத்தாவது படிக்கிறாள். பழகாதவர்களுக்கு அவள் பேச்சு இரண்டு தடவை கேட்டால்தான் விளங்கும். அதனாலேயே வகுப்பில் பதில் தெரிந்தாலும் கை தூக்க மாட்டாள். அந்த வரியை என் போனில் படமெடுத்துக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் படித்தாள். உன்மேல் கோபப்படுவாள், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உன்னைத் திட்டலாம் என்று காத்திருந்தேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு, "ஆன்ட்டிய விடும்மா. 'பொண்ணுக்கு ஸ்பீச் கிளாஸ் இருக்கு, நான் போகணும்'னு நீ ஏன் ஒருநாள்கூட சொல்லல?" என்று கேட்டாள்.

உன்மேல் இருக்கிற கோபம் எனக்கு ஆறாது. ஆனால் இப்போது நான் தூக்கிக்கொண்டு திரிவது அது மட்டுமில்லை. பதில் வராமல் நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தான் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, அவள் முதலிலிருந்து மறுபடி கேட்க ஆரம்பித்தாள்.