ஓர் ஆளுக்கு மட்டும் கஞ்சி

காரைக்கால்மேடு
பங்குனி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் முத்தமிழுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். கடிதம் என்றால் எழுதியாக வேண்டுமே என்று எழுதும் நலம் இல்லை அம்மா, உண்மையாகவே நலம். ஆபரேஷன் முடிந்ததிலிருந்து போனில் உன்னிடம் நல்லாத்தான் இருக்கா, நல்லாத்தான் இருக்கா என்று சொல்லி எனக்கே வாய் கூசிப் போயிருந்தது. நீயும் பிரான்சில் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே நீ அழுதுவிடுகிறாய், பிறகு எனக்கும் பேச்சு வருவதில்லை, அதனால்தான் எழுதி மதார் சாகிப் மருமகனிடம் கொடுத்தனுப்புகிறேன், அவர் ஞாயிற்றுக்கிழமை பாரிசுக்குத் திரும்புகிறார்.

கர்ப்பப்பையை எடுத்த பிறகு அம்மாவுக்குச் சோறு இறங்காமல் போனது உனக்குத் தெரியும். காலமெல்லாம் மீன்கூடை சுமந்தவளுக்கு மீன் வாடையே ஆகவில்லை, பக்கத்து வீட்டில் குழம்பு கொதித்தால் இவள் இங்கே மூக்கைப் பொத்திக்கொள்வாள். ரம்ஜான் மாதத்தில் மதார் சாகிப் வீட்டிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு தூக்கில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி வந்தது. கூடை தூக்கிய காலத்தில் அம்மா முதலில் இறக்குவது அந்த வீட்டு வாசலில்தானே, சின்னப் பிள்ளையில் நீயும் கூடப் போய், கஞ்சிக்குள் வடை கிடக்கிறதா என்று விரலை விட்டுச் சுட்டுக்கொண்டு வந்தாயே, அதே கஞ்சி. அதை மட்டும் மறுக்காமல் குடித்தாள். ஐயோ பெருநாள் வருகிறதே என்று இந்த வருஷம் கவலைப்பட்டவன் காரைக்காலிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருநாள் வந்தது, கஞ்சி நின்றது, இவளும் நிறுத்திவிட்டாள்.

என் சமையல் உனக்குத் தெரியாததா. விசைப்படகில் எட்டுப் பேருக்கு ஆக்கிப் போட்ட கை, ரசம் வைத்தால் எட்டுப் பேர் குளிக்கலாம், காரமோ நடுக்கடல் குளிருக்குப் போட்ட காரம். அம்மா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மதார் சாகிப் வீட்டு அம்மா பாவம், தானே கஞ்சி காய்ச்சி எடுத்து வந்தார். ஒரு வாய் வைத்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா அது இல்லைக்கா என்று தம்ளரை நகர்த்திவிட்டாள். இப்படியே போனால் மறுபடி சேர்த்து ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னதும், நீ வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று அழுததும் அப்போதுதான். அன்றைக்கு நான் பயந்தது போலப் புயலில்கூடப் பயந்ததில்லை.

சரி, காய்ச்சிய ஆளிடமே கேட்போம் என்று பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் தமீம் அன்சாரியைத் தேடிப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையைச் சொறிந்தார். "தங்கையண்ணே, தேக்சாவுக்கு எத்தன படி அரிசின்னு கேளுங்க, தூக்கத்துல எழுப்பினாலும் சொல்றேன். ஒரு ஆளுக்குன்னா எனக்குத் தெரியாதே" என்றார். இருந்தாலும் கூடவே வந்து நம் அடுப்பில் சின்னச் சட்டி வைத்தார். எட்டுப் பேர் கணக்குத் தெரிந்தவனும் ஊர்க் கணக்குத் தெரிந்தவரும் சேர்ந்து ஒரு பொம்பளைக்குக் கஞ்சி காய்ச்சினால் என்ன ஆகும், அடியில் பிடித்துப் போயிற்று. இது கூட்டத்தோட கொதிச்சாத்தாண்ணே கஞ்சி என்று சொல்லிவிட்டுப் போனவர், மறுநாள் சாயங்காலம் ஊருக்கே காய்ச்சும் அந்தப் பெரிய தேக்சாப் பாத்திரத்தை ஆட்டோவில் ஏற்றி வந்து வீட்டுப் பின்னால் மணலில் கல் கூட்டி இறக்கிவிட்டார். நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் வெந்து, தேங்காய்ப்பால் ஊற்றியதும் வாசனை தெருவுக்கே போய்விட்டது. பக்கத்து வீட்டு ராசாத்தி முதல் ஆளாகச் சொம்போடு வந்தாள், அவளுக்குப் பின்னால் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

நான் அகப்பையைப் பிடித்து ஊற்றத் தொடங்கினேன். முன்னால் வந்தவர்களுக்கு வழிய வழிய ஊற்றினேன் போலிருக்கிறது. பின்னாலிருந்து ஒரு குரல், "இப்படியா ஊத்துவாங்க, கடைசியா வர்றவ என்னத்தக் குடிப்பா, குடுங்க இங்க." திரும்பினால் உன் அம்மா, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கரையில் மீனைக் கூறு போடுவதில் அவள் கைக்கு மிஞ்சிய கை உண்டா, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பொட்டு கூடாமல் குறையாமல் ஊற்றினாள். நடுநடுவே ருசி பார்க்கிறேன் என்று தானும் குடித்தாள். ஒரு தம்ளர், பிறகு இன்னொன்று. ஏதாவது சொன்னால் நிறுத்திவிடுவாளோ என்று நான் விறகைத் தள்ளுவது போலக் குனிந்துகொண்டேன். தமீம் பாய் மட்டும் என்னைப் பார்த்துவிட்டு, புகைண்ணே, கண்ணக் கழுவுங்க என்றார். அவருக்கு நான் எத்தனை பிறவி நன்றி சொன்னாலும் தீராது.

கடலில் இருப்பவனுக்குப் பங்கு எடுத்து மூடாமல் நம் வீட்டில் அடுப்பு அணையாதே. அடிக்கஞ்சியை வழித்து ஒரு தம்ளரில் ஊற்றித் தட்டு போட்டு மூடினாள். நான்தான் கரையில் நிற்கிறேனே, இது யாருக்கு என்று கேட்டேன். தூரத்துல இருக்கறது நீங்க மட்டுந்தானா, முத்தமிழ் இல்லையா என்றாள்.

இப்போது சோறு சாப்பிடுகிறாள். நேற்று, தடைக்காலம் வருமுன்னே கொஞ்சம் காரப்பொடி மீன் வாங்கிட்டு வாங்க என்றாள். அதனால் வேலையை விட்டுவிட்டு அழுதுகொண்டு வராதே, மாங்கனித் திருவிழாவுக்கு லீவு போட்டுச் சிரித்துக்கொண்டு வா. அடுத்த அறையில் செனகல் தேசத்துப் பெண் ஒருத்தி இருப்பதாகச் சொன்னாயே, அரிசி போடும்போது ஒரு பிடி கூடப் போட்டு அவள் கதவைத் தட்டு. நல்ல உடம்போடு நூறு வயது இரு. குளிருக்குக் காதை மூடிக்கொள், மறக்காதே.

உன் பங்குக் கஞ்சியை மறுநாள் காலையில் நான்தான் குடித்தேன். ஆறிப்போயும் நன்றாக இருந்தது அம்மா.

உன் அன்பு அப்பா,
தங்கையன்